விரலுக்குத் தெரியும் அளவு

டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் மெக்கானிக்கைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு. வால்வுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே அந்தத் தகட்டைச் செருகி முன்னும் பின்னும் இழுப்பார். அப்போது அவர் கண் எஞ்சின் மேல் இருக்காது. வாசலில் வந்து நிற்கும் வண்டியைப் பார்ப்பார், பக்கத்து ஆளோடு பேசுவார். இடைவெளி 0.1 மில்லிமீட்டர். அதைக் கண்ணால் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், இறுகிவிடவும் கூடாது. அந்தப் பிடி சரியா என்று விரல்தான் சொல்லும்.

பட்டறையின் மிக நுட்பமான வேலைகளில் ஒன்றைப் பார்வையுள்ளவரே பார்க்காமல்தான் செய்கிறார். "கண் தெரியாதவர் எப்படி ரிப்பேர் வேலை செய்வார்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைக் காட்ட வேண்டும். வீட்டுக் குழாய், மின்விசிறி, கார் எஞ்சின் எதுவானாலும் பழுது பார்க்கும் வேலையில் பெரும்பங்கு கைக்கும் காதுக்கும் உரியது. இஞ்ச் டேப்பின் கோடு, டெஸ்டரின் சின்ன விளக்கு, வயரின் நிறம், மீட்டரின் முள் ஆகியவைதான் கண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அவற்றையும் தொட்டறியவோ கேட்டறியவோ கூடியதாக மாற்றிவிட்டால் பார்வையற்ற ஒருவர் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல் நாம் நினைப்பதைவிட மிக நீளமானது. அந்த மாற்றத்துக்கு வேண்டிய அறிவியல் பெரும்பாலும் பழையது, எளியது. அது நம் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விரல்நுனியிலிருந்து தொடங்குவோம். அசையாமல் வைத்த விரலில் இரண்டு முனைகளால் தொட்டால், அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருந்தால்தான் "இரண்டு" என்று தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் தொடங்கிவைத்த சோதனை இது. பிரெயில் எழுத்தில் புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர் விடப்பட்டிருப்பது இந்த எல்லைக்கு இசைவாக இருக்கிறது. விரல் நகரத் தொடங்கியதும் கதையே வேறு. 2013இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பையும் வழவழப்பான பரப்பையும் சோதனைக்கு வந்தவர்கள் விரலை ஓட்டிப் பிரித்தறிந்தார்கள். தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல ஆயிரம் மடங்கு. விரல் நகரும்போது மேடுபள்ளம் அதிர்வாக மாறுகிறது. தோலின் ஆழத்தில் இருக்கும் பசினியன் நரம்புமுனைகள் அந்த அதிர்வைப் பிடித்துக்கொள்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் அவை மிகக் கூர்மையானவை.

அதிர்வு கருவியின் உடல் வழியாகவும் வரும். திருப்புளியின் நுனி ஸ்க்ரூவின் வெட்டில் உட்கார்ந்ததா, வழுக்குகிறதா என்பது கைப்பிடியைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடும். வெள்ளைக் கோலால் தரையைத் தட்டி நடப்பவருக்குத் தார் முடிந்து மண் தொடங்கும் இடம் தெரிவதும் இதே வழியில்தான்.

பார்வை போனால் மற்ற புலன்கள் தாமாகவே கூர்மையாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பிரெயில் படிக்கும்போது பார்வையற்றவரின் மூளையில் பார்வைக்கான பகுதியும் சேர்ந்து இயங்குகிறது என்று 1996இல் மூளைப்படங்கள் காட்டின. ஆனால் விரலின் கூர்மையில் பயிற்சிக்கும் பெரிய பங்கு உண்டு. தொட்டுத் தொட்டுப் பழகிய விரல்தான் கூராகிறது. நேற்றுவரை ஸ்பேனரைத் தொடாத பார்வையற்றவர் இன்று எஞ்சினைப் பிரித்துவிட முடியாது, பார்வையுள்ளவரும் அப்படித்தான். இருவருக்கும் குரு தேவை, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய வண்டி தேவை. பார்வையற்ற பிள்ளைக்கு அந்த வண்டியை யாரும் கொடுப்பதில்லை.

கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ரால்ஃப் டீட்டர் சாட்சி. 1890இல் இண்டியானா மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தி பட்டு ஒரு கண் போயிற்று. ஒரு கண்ணில் பட்ட காயம் நல்ல கண்ணையும் பாதிக்கும் ஓர் அழற்சியால் அடுத்த கண்ணும் போயிற்று. குடும்பமே இயந்திரத் தொழிலில் இருந்தது. பட்டறைக்குள் போகாதே என்று அவரை யாரும் தடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஒரு காரையே உருவாக்கினார். 1912இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்கான நீராவி டர்பைன்களின் சுழலிகளைச் சமநிலைப்படுத்துவது பெரும் தலைவலியாக இருந்தது. சுழலும் பொருளில் ஒரு பக்கம் சிறிது கனம் கூடினாலும் அது அச்சை உதைக்கும். வேகம் இரு மடங்கானால் உதை நான்கு மடங்காகும். எந்த இடத்தில் எவ்வளவு கனம் கூடுதல் என்று கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். இந்த வேலைக்கு டீட்டர் ஒரு முறையை உருவாக்கித் தந்தார். அதிர்வைக் கையால் அறியும் அவருடைய பழக்கம் அதில் பெரிதும் உதவியது என்கிறார்கள். நம் வீட்டு மின்விசிறி ஆடுவதும், காரின் முன்சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங்கை நடுங்கவைப்பதும் இதே கணக்குதான். விசிறி ஓடும்போது அதன் சுவிட்சுப் பலகைக்கு அருகே நின்று பார்ப்பதைவிட, நிறுத்திவிட்டு ஒவ்வோர் இறக்கையின் ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்ப்பது பழுதைச் சீக்கிரம் காட்டும்.

டீட்டர் பின்னாளில் பிஸ்டன் ரிங் செய்யும் தங்கள் குடும்ப நிறுவனத்தின் தலைவரானார். 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவரானார். அவர் பெயர் நிலைத்திருப்பது இன்னொரு காரணத்தால். அவருடைய வழக்கறிஞர் நண்பர் காரோட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், கேட்டால் கூடுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு அந்த முன்னும் பின்னுமான தள்ளல் பொறுக்கவில்லை. வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவியை உருவாக்கத் தொடங்கினார். 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. இன்று க்ரூஸ் கன்ட்ரோல் என்கிறோம். பார்வையற்ற மனிதர் கண்டுபிடித்தது அது. சாலையைப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு அந்தச் சிறு தள்ளல்கள் உறைக்காது. காதின் உட்பகுதியில் முடுக்கத்தை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. டீட்டர் அதைக் கவனித்துப் பழகியவர்.

டீட்டருக்கு அமைந்ததுபோன்ற குடும்பமும் பட்டறையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1915இல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தைத் தொடங்கியவர் ஆர்தர் பியர்சன். அவரும் பார்வை இழந்தவர், பத்திரிகை அதிபர். அங்கே தச்சு, செருப்புத் தைத்தல், கூடை முடைதல் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அதே பெயரில் 1943இல் டேராடூனில் இந்திய வீரர்களுக்கான விடுதி உருவானது. பார்வையற்றோருக்கான இன்றைய தேசிய நிறுவனத்தின் வேர் அதுதான். ஆனால் நம் நாட்டில் கைத்தொழில் பயிற்சி பெரும்பாலும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதோடு நின்றுவிட்டது. பிரம்பு பின்னுவது குறைந்த வேலை என்று சொல்லவில்லை. அந்த விரல்களை மரைக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் விடாதது பெரிய இழப்பு.

மரையையே எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற கைவினைஞருக்கு மரையைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது 1.25 மில்லிமீட்டர் முன்னேறும். 6 மில்லிமீட்டர் போல்ட் சரியாக 1 மில்லிமீட்டர் நகரும். அரைச் சுற்று, கால் சுற்று என்று எண்ணினால் கால் மில்லிமீட்டர் வரைக்கும் விரலாலேயே அளக்கலாம். மைக்ரோமீட்டரும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. அமெரிக்காவில் பார்வையற்ற தச்சர்கள் பயன்படுத்தும் கிளிக் ரூல் என்ற அளவுகோலில் ஒரு குழாய்க்குள் கம்பி நகரும். ஒவ்வொரு 'கிளிக்'கும் ஓர் இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு. அரை இஞ்சுக்கு ஒன்றாகத் தொட்டறியும் அடையாளமும் உண்டு. நம் ஆசாரிகள் இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு கிளிக் அரை நூல். மரவேலைக்கு இது தாராளம். அளந்ததும் கம்பியை இறுக்கிவிட்டால் அந்த நீளம் கையிலேயே நிற்கிறது. பலகையில் வைத்து வெட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எண்ணைப் படித்து நினைவில் வைத்துத் திரும்ப அளக்கும்போது வரும் பிழை இங்கே வராது.

மரை பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நட்டைப் போல்ட்டின் நுனியில் வைத்ததும் வலப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடாமல், முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் நட்டு 'டக்'கென்று இறங்கும். இரண்டு மரைகளின் தொடக்க விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டிய இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை நேராகப் பிடிக்கும். பிளாஸ்டிக் மூடியில் செய்து பார்த்தால் முதல் முயற்சியிலேயே விரலுக்குப் புரியும். ஸ்பார்க் பிளக்கை மாட்டும்போது அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயை விரலால் உருட்டி ஏற்றுவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் வழக்கம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், எஞ்சினின் அலுமினியத் தலை தப்பிக்கும்.

காரில் கைக்குத் தெரியும் விஷயங்கள் இன்னும் நிறைய. பேட்டரியின் இரண்டு முனைகளில் பாசிட்டிவ் சற்றுத் தடிமனானது. ஐரோப்பிய அளவில் அடிப்பகுதி சுமார் 19.5 மில்லிமீட்டர், நெகட்டிவ் சுமார் 17.9. சிவப்பு மூடி தொலைந்துபோன பேட்டரியில் பார்வையுள்ளவர் குழம்பி நிற்கும் நேரத்தில், தொட்டுப் பார்ப்பவர் சொல்லிவிடுவார். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றிவைத்துவிட்டு, கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுத்து, மாட்டும்போது கடைசியில் போட வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டும். விரலைப் பள்ளத்தில் ஓட்டினாலே தெரிந்துவிடும். உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பம் போன்ற கூர்மையும் தெரிந்தால் சக்கரங்களின் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. நல்ல டயர்க் கடைக்காரர்களும் கண்ணால் பார்த்துவிட்டு இதைக் கையால்தான் உறுதிசெய்கிறார்கள். பிரேக் பேடில் சிறிய எஃகு நாக்கு ஒன்றை வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். காதுக்கென்றே பொறியாளர்கள் வைத்த அறிவிப்பு அது.

எஞ்சின் ஓசையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், ஆக நிமிடத்துக்கு 400 வெடிப்பு. நான்கும் சேர்ந்தால் 1,600, அதாவது நொடிக்கு சுமார் 27. காது இதைச் சீரான உறுமலாகக் கேட்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் நொடிக்கு ஆறேழு முறை அந்த ஓட்டத்தில் ஓர் ஓட்டை விழும். அது உறுமல் போல் இல்லாமல் தனித்தனித் தடுமாற்றமாகக் காதுக்கும், பானட்டில் வைத்த கைக்கும் தெரியும். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, எரியாத சிலிண்டரின் புகைக்குழாய் வாய் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதைப் பயன்படுத்தலாம். கையை வைக்கவே கூடாது, சுடும். தொடாமல் வெப்பத்தை அளந்து வாயால் சொல்லும் கருவிகள் கிடைக்கின்றன. பெல்ட், விசிறி ஓடும் எஞ்சினுக்குள் தளர்ந்த சட்டையோடு கையை விடக்கூடாது என்பது எல்லோருக்குமான விதி. மின்சார விசிறி எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றத் தொடங்கலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். காருக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தாக வேண்டும்.

வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் ஒலி வழி உண்டு. டார்க் ரெஞ்ச் என்ற கருவியில் விசையை முன்கூட்டி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சத்தமிட்டுக் கையில் ஒரு சிறு தளர்வு தெரியும். சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். சரியான எண் வண்டியின் கையேட்டில். அளவை வைப்பதற்குக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை கூடுகிறது என்று ஒருமுறை கணக்குப் பண்ணிவிட்டால், அடியிலிருந்து சுற்றுகளை எண்ணியே சரியான இடத்துக்கு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வருவோம். தண்ணீர் வேலைகள் எளிது. நம் வீடுகளில் குடம் நிரம்புவதைக் காதாலேயே சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். குடத்தில் தண்ணீர் ஏற ஏற மேலே இருக்கும் காற்றுத்தூண் குட்டையாகிறது, ஒலியின் சுருதி ஏறுகிறது. காற்றுத்தூண் 30 சென்டிமீட்டர் இருந்தால் ஒலி நொடிக்கு 290 அதிர்வு அளவிலும், 5 சென்டிமீட்டராகச் சுருங்கினால் 1,700ஐ ஒட்டியும் இருக்கும். மொட்டைமாடி டேங்க்கைத் தட்டிக்கொண்டே கையைக் கீழிறக்கினால் வெறும் பகுதியின் முழக்கம் தண்ணீர் மட்டத்தில் அடங்குவதும் கேட்கும். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது தொடக்கப் பாடத்துக்கு ஏற்றது: கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றினால் அடியில் தேய்ந்த வாஷர் விரலுக்குப் பள்ளமாகத் தெரியும். புது வாஷரின் தட்டையான முகத்தைத் தடவிப் பார்த்தால் வித்தியாசம் சொல்லாமலே புரியும். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

மின்சாரம் அப்படியல்ல. இங்கேதான் நிதானம் வேண்டும், நமக்கே உரிய சில உண்மைகளும் தெரிந்திருக்க வேண்டும். நம் சுவர் சுவிட்சு கீழே தள்ளினால் ஆன். மீட்டர் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்சு மேலே தள்ளினால் ஆன். கைக்குப் பழகிய திசையை நம்பி எம்.சி.பி.யைத் தொட்டால் ஆபத்து. அந்த லைனின் எம்.சி.பி.யை அணைத்ததும் மின்சாரம் போய்விட்டதா என்று சோதிக்க, வேலை செய்யப்போகும் சாக்கெட்டில் முன்னதாகவே ஒரு ரேடியோவைப் பாடவிடலாம். அணைத்ததும் ரேடியோ நிற்கும். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தெருவிலேயே கரண்ட் போயிருந்தால்? வேறொரு எம்.சி.பி.யில் இருக்கும் விசிறி ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் சில லைன்களில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்தியாக வேண்டும். இந்த மூன்றையும் சரிபார்க்காமல் யாரும், பார்வை இருந்தாலும், வயரைத் தொடக்கூடாது.

கடைகளில் கிடைக்கும் டெஸ்டர் திருப்புளி, பார்வையற்றவருக்குப் பயன்படாத கருவிகளில் முதலிடம் பெறும். அதன் நியான் விளக்கு எரிகிறதா என்று பார்க்க முடியாவிட்டால் அது வெறும் திருப்புளி. அதற்குப் பதிலாகத் தொடாமலே மின்புலத்தை உணர்ந்து 'பீப்' ஒலி எழுப்பும் டெஸ்டர் சாதாரண விலையில் கிடைக்கிறது. உயிருள்ளதென்று உறுதியாகத் தெரிந்த சாக்கெட்டில் ஒருமுறை ஒலிக்கவைத்துப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். மூன்று பின் சாக்கெட்டை எதிரே நின்று தடவினால், மேலே பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பிளக்கில் எர்த் பின் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும் என்பதற்காக. பிளக்குக்குள் எந்த வயர் எர்த் என்று நிறம் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்: சாதனத்தை மின்னிணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, ஒரு கம்பியை இஸ்திரிப் பெட்டி போன்ற அந்தச் சாதனத்தின் உலோக உடலிலும் மற்றொன்றை ஒவ்வொரு வயரிலும் வையுங்கள். எதில் 'பீப்' வருகிறதோ அதுதான் எர்த். சாதாரண மல்டிமீட்டரில் இந்த ஒலி பெரும்பாலும் இருக்கிறது. வோல்ட்டை வாய்விட்டுச் சொல்லும் மல்டிமீட்டர்தான் இங்கே அரிது. மிச்சம் இருக்கும் இரண்டில் பேஸ் எது என்பதற்கு நிறம்தான் வழி என்றால், ஊகிக்காமல் ஒரு ஜோடிக் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்வதே சரி.

அந்தக் கடனுக்கு இப்போது கைப்பேசி இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபர்க் பார்வைக் குறைபாடுள்ள மரச்சாமான் கைவினைஞர். அவர் தொடங்கிய பி மை ஐஸ் என்ற செயலி 2015இல் வெளிவந்தது. பார்வையற்றவர் கேமராவைக் காட்ட, எங்கோ இருக்கும் தன்னார்வலர் பார்த்துச் சொல்கிறார். மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏ.ஐ. எழுத்தையும் நிறத்தையும் படித்துச் சொல்லும். ஆனால் வயரின் நிறத்தை விளக்கொளி ஏமாற்றும். ஆகவே பழுது பார்க்கும்போது வயரைக் கழற்றுமுன்பே நூல்முடிச்சால் அடையாளமிடுவது எந்தச் செயலியையும்விட உறுதியானது: பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு இரண்டு, எர்த்துக்கு மூன்று.

சால்டரிங் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பில் கெர்ரி பார்வையற்ற பொறியாளர். 1980 முதல் அங்கிருந்து அவர் வெளியிட்ட தொழில்நுட்ப இதழ், பார்வையற்றவர்கள் தாங்களே மின்னணுக் கருவிகளைச் செய்துகொள்ள வழிகாட்டியது. ஈயம் உருகும்போது வரும் சிறு சீறலும் ஃப்ளக்ஸின் வாடையும் அந்தக் கணத்தைத் தெரிவிக்கின்றன. இணைப்பு ஆறியதும் விரல் நகத்தால் தட்டி அதன் உருவைப் பார்த்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஜோஷுவா மீல் என்ற பார்வையற்ற விஞ்ஞானி ஆர்டுயினோ பலகைகளைப் பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். 2021இல் அவருக்கு மெக்கார்தர் விருது கிடைத்தது. ஒளி பட்டால் மின்தடை குறையும் ஒரு சிறிய எல்.டி.ஆர்., ஒரு பேட்டரி, ஒலிக்கும் சுற்று ஒன்று இருந்தால் இன்வெர்ட்டரின் எல்.இ.டி. விளக்கு எரிகிறதா என்பதைச் சுருதியாகக் கேட்கலாம். பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு மதியத்தில் செய்துவிடக்கூடியது. பார்வையற்றோர் பள்ளி ஒவ்வொன்றிலும் பத்து இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரின் கணினியும் இப்போது பேசும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான ஓ.பி.டி. என்னும் 16 துளைச் செருகி, இன்றைய இந்தியக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால், எஞ்சின் சொல்லும் பழுதுக் குறியீட்டைத் திரை வாசிப்பான் உள்ள கைப்பேசி படித்துக் காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்காக மட்டும் இருந்த தகவல் இப்படிக் காதுக்கு வந்துவிட்டது.

மறுபக்கம் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. முன்பு மின்விசிறி ரெகுலேட்டர் ஐந்து படிகளில் 'டக் டக்' என்று திரும்பும். மைக்ரோவேவில் குமிழ் இருந்தது. இப்போது அடுப்பு, சலவை இயந்திரம், காரின் ஏ.சி. எல்லாம் வழவழப்பான தொடுதிரைக் கண்ணாடி. விரல் நகர்ந்தாலும் எதுவும் தெரியாது. தொட்டாலே இயங்கிவிடும் என்பதால் தேடிப்பார்க்கவும் முடியாது. பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, சாலையில் கண் வைத்திருக்க வேண்டிய ஓட்டுநருக்கும் இது நல்லதில்லை. வாங்கும் பொருளில் குமிழ் உள்ள மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முக்கியமான இடங்களில் கெட்டியாக ஒட்டும் சிறு புள்ளிகளை ஒட்டிவிடுங்கள். ஆன் பொத்தானுக்கு ஒன்று, நிறுத்தத்துக்கு ஒன்று போதும். பத்து ஒட்டினால் எதுவும் தெரியாது.

பார்வையற்றவர் வீட்டில் ரிப்பேர் செய்யத் தொடங்கினால் கூட இருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றுதான்: கருவியை எடுத்த இடத்திலேயே வைப்பது. 10 நம்பர் ஸ்பேனர் பையின் மூன்றாவது அறையில் இருந்தால், யார் எடுத்தாலும் அங்கேயே திரும்ப வர வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களுக்கு இட்லித் தட்டைவிட நல்ல பாத்திரம் கிடையாது. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில் என்று வட்டமாக வைத்துக்கொண்டே போய், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காந்தம் இருந்தால், கீழே உருண்ட ஸ்க்ரூவைத் தரையில் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம். தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் நடுவில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது, அவ்வளவே.